பெல்ட் வண்டி வரப்பு ஏறும்போது பல் தாவுகிறது: டென்ஷன் சரிதான், அப்புறம் என்ன?

கேள்வி (கல்லல் பக்கத்து வாசகர்), 19 ஜனவரி 2023, மாலை

அண்ணே, நெல் அறுக்கிற பெல்ட் வண்டி, டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிறது. வண்டி பழசு, பெல்ட் இரண்டும் புதுசு. போட்டு நாற்பது மணி நேரம்கூட ஓடவில்லை. சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. தொட்டி நிறைய நெல்லோடு வரப்பு ஏறினால் இடது பக்கம் ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டு பல் தாவுகிறது. டென்ஷன் புத்தகத்தில் போட்டபடிதான் இருக்கிறது. கடைக்காரர் மட்டமான பெல்ட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

19 ஜனவரி 2023, இரவு 10.40

கடைக்காரரை அப்புறம் திட்டலாம். முதலில் வழுக்குவது எது என்று பாருங்கள். ஒரு சாக்பீஸ் போதும். ஸ்ப்ராக்கெட்டில் (பெல்ட்டை இழுத்துச் சுற்றுகிற பல்சக்கரம்) ஒரு கோடு, அதற்கு நேராக பெல்ட்டில் ஒரு கோடு. வரப்பில் ஏற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் சுற்றி பெல்ட் நின்றால் பல் தாவுகிறது. இரண்டும் சேர்ந்து சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் மண்ணில் வழுக்குகிறது, பெல்ட்டின் வெளிப்பக்க ரப்பர் கட்டைகளுக்கு நடுவே களிமண் அப்பியிருக்கும். இரண்டுமே சுற்றவில்லை என்றால் பெல்ட் பக்கமே போகாதீர்கள். எஞ்சினில் இருந்து, வண்டியை நகர்த்துகிற ஹைட்ராலிக் பம்புக்குப் போகிற வி-பெல்ட்டைப் பாருங்கள், வைக்கோல் தூசியில் அது பளபளவென்று தேய்ந்துபோயிருக்கும்.

நூற்றில் தொண்ணூறு டென்ஷன் குறைவுதான். டென்ஷன் போல்ட்டை இன்னும் இரண்டு சுற்று ஏற்றிப் பாருங்கள்.

20 ஜனவரி 2023

நேற்று எழுதியதில் கடைசி வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். தொண்ணூறு என்று எந்தக் கணக்கில் சொன்னேனோ தெரியவில்லை. காலையில் எழுந்து என் வண்டியை எடுத்தேன், புதுவயல் பக்கம் ஒரு தாக்கு. வரப்பு ஏறும்போது ‘டக்’. அதுவும் இடது பக்கம்தான். கண் பட்டுவிட்டது.

22 ஜனவரி 2023

மழை தூறி ஈரம், இன்று அறுப்பு இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வண்டியின் கதையைச் சொன்னால்தான் இது புரியும். மூன்று வருடம் முன்பு டெல்டாவில் இருந்து பழைய வண்டியாக வாங்கியது. விற்றவர் சொன்ன பெருமை, “இது சாதா வண்டி இல்லை, நீட்டின வண்டி.” கம்பெனியில் வரும்போது பெல்ட் 450×90×51. அதாவது 450 மில்லிமீட்டர் அகலம், ஒரு லிங்க்குக்கும் அடுத்த லிங்க்குக்கும் 90 மில்லிமீட்டர், மொத்தம் 51 லிங்க். இவர் 53 லிங்க் பெல்ட் வாங்கி, அது உட்காரும்படி பின்பக்க ஐட்லரை (பெல்ட்டைப் பின்னால் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றுகிற சக்கரம்) தாங்கும் பைப்பை வெட்டி நடுவில் துண்டு வைத்து ஒட்டியிருக்கிறார். இரண்டு லிங்க் என்றால் 180 மில்லிமீட்டர், அதில் பாதி மேலே, பாதி கீழே. ஆக 90 மில்லிமீட்டர் நீட்டல். சேற்றில் அமிழாது என்பது அவர் கணக்கு.

நம்ம பக்கம் இந்த நீட்டல் தேவையா என்பது வேறு கேள்வி. டெல்டாவில் அடிவரை வண்டல். இங்கே கண்மாய்க்குக் கீழே இரண்டு வயல் களி, அதற்கு மேலே ஏறினால் செம்மண், இன்னும் மேலே சரளை. ஒரே நாளில் மூன்று மண்ணிலும் ஓட வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் இருந்து வருகிற டயர் வண்டிக்காரர்கள் சரளையில் பறந்துவிட்டு, கண்மாய் ஓரத்து வயலுக்கு வந்ததும் நம்மைக் கூப்பிடுவார்கள். அந்த ஓரத்து வயலில்தான் நமக்குச் சோறு.

வாங்கிய முதல் வருடம் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் வருடம் எப்போதாவது ஒரு ‘டக்’. கல் மாட்டியது என்று நினைத்துவிட்டேன். இந்த வருடம் தொட்டி நிறைந்தால் நிச்சயம் அடிக்கிறது.

24 ஜனவரி 2023

உங்களுக்குச் சொன்ன வைத்தியத்தை நானே செய்துகொண்டேன். பலன்: ஐட்லர் ஆயில் சீல் போயிற்று.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, நடு ரோலருக்கும் (வண்டி பாரத்தைத் தாங்கிப் பெல்ட்டின் மேல் உருளுகிற சக்கரம்) கீழே தொங்குகிற பெல்ட்டுக்கும் இடைவெளி பார்த்தால் 14 மில்லிமீட்டர். என் வண்டிப் புத்தகம் கேட்பது 10 முதல் 15. சரியாகத்தான் இருந்தது. அதைப் போய் இறுக்கி 5-க்குக் கொண்டுவந்தேன். அரை நாள் சத்தம் இல்லை, நான்தான் பெரிய மெக்கானிக் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். மதியம் ஐட்லர் பக்கம் எண்ணெய் வழிகிறது, கை வைக்க முடியாத சூடு. மாலையில் மறுபடியும் ‘டக்’.

இறுக்கினால் தாவுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். பேரிங், சீல், பெல்ட்டுக்குள் ஓடுகிற எஃகுக் கம்பி எல்லாம் அதற்கு வாடகை கொடுக்கும். கல்லல் தம்பி, இரண்டு சுற்று ஏற்றியிருந்தால் உடனே இறக்குங்கள்.

24 ஜனவரி 2023, இரவு

தம்பி ஏற்றவே இல்லையாம். “நீங்கள் மறுநாளே அடித்துவிட்டுப் படிக்கச் சொன்னீர்களே அண்ணே” என்கிறார். சரி, நான் எழுதியதை நான் மட்டும்தான் பின்பற்றியிருக்கிறேன்.

28 ஜனவரி 2023

சீல் மாற்றியாயிற்று. மூன்று நாள் வேலை போனது.

அடுத்த சந்தேகம் ஸ்ப்ராக்கெட். கழற்றிப் பார்த்தால் பல் ஒரு பக்கம் கொக்கி மாதிரி தேய்ந்திருந்தது. புதுசு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அறுப்புச் சமயத்தில் நான்கு நாள் யார் காத்திருப்பது? காரைக்குடியில் ஒரு பட்டறையில் கொடுத்து, தேய்ந்த இடத்தில் வெல்டிங் நிரப்பி லேத்தில் கடையச் சொன்னேன். பட்டறைக்காரர் கெட்டிக்காரர், பல்லைப் பார்த்தால் கோயில் கதவுக் குமிழ் மாதிரி இருந்தது.

30 ஜனவரி 2023

பழனிக்கு நடக்கிற கூட்டத்தால் குன்றக்குடி ரோட்டில் வண்டி ஏற்றின லாரி நகரவில்லை. இரண்டு மணி நேரம். பக்கத்தில் காவடி போகிறது, நான் லாரி மேலே அறுப்பு வண்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனார், என்னையா முருகனையா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் கனடாவில் இருக்கிற தங்கை மகன் பேசினான். சத்தத்தைச் சொன்னதும் சிரிக்கிறான். “மாமா, இது என் பனி ஸ்கூட்டர்ல வந்த அதே வியாதி, நாங்க ராட்செட்டிங்னு சொல்வோம்.” அங்கே பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைலுக்கு முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டை, பின்னால் ஒற்றை ரப்பர் டிராக். நம் பெல்ட்டுக்குள் இரும்புக் கட்டை இருப்பதுபோல அதற்குள் குறுக்கே ஃபைபர்கிளாஸ் கம்பி. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி நமக்கு 90 மில்லிமீட்டர், அவனுக்கு 2.52 அங்குலம், அதாவது 64 மில்லிமீட்டர். அவன் வாங்கும்போது 121 அங்குல டிராக். ஆழமான பனியில் புதைகிறது என்று 136 அங்குலத்துக்கு மாற்றிப் பின்பக்க ரெயிலை ஏழரை அங்குலம் நீட்டியிருக்கிறான். பதினைந்தில் பாதி ஏழரை. நம் டெல்டாக்காரர் போட்ட அதே கணக்கு! பனியோ சேறோ, மனுஷன் புத்தி ஒன்றுதான் போலிருக்கிறது.

அவனுக்கும் மேடு ஏறும்போது பல் தாவியிருக்கிறது. கடையில் தாவாத மாதிரிப் பல் கூட்டின டிரைவர் சக்கரம் வைத்திருக்கிறார்கள், டிராக்கின் ஓட்டைகளுக்குள்ளும் பல் இறங்குமாம். அதை வாங்கிப் போட்டும் முழுசாகத் தீரவில்லை. கடைசியில் அவன் சொன்ன ஒரு வரி மனதில் நிற்கிறது: “நிக்கிற வண்டியில டென்ஷன் பாக்காதீங்க மாமா, இழுக்கிற வண்டியில பாருங்க.”

இழுக்கிற வண்டிக்குக் கீழே படுத்து ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்கிறானா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

30 ஜனவரி 2023, கொசுறு

அந்தப் பனி வண்டியை 1959-இல் ஸ்கி-டூ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஜோசப்-அர்மண்ட் பொம்பார்டியர். வால்கூர் என்ற சிற்றூரில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக். 1937-இல் அவர் காப்புரிமை வாங்கியதே பனியில் ஓடுகிற டிராக்கும் அதைச் சுற்றுகிற பல்சக்கரமும் சேர்ந்த அமைப்புக்குத்தான். ஆக, பல்லும் பெல்ட்டும் சண்டை போடுவது நம்மோடு தொடங்கிய விஷயம் இல்லை.

2 பிப்ரவரி 2023

ஸ்ப்ராக்கெட் மாட்டி ஓட்டியாயிற்று. முன்பு தொட்டி நிறைந்தால் தாவும். இப்போது பாதித் தொட்டியிலேயே தாவுகிறது.

யோசித்தால் காரணம் தெரிகிறது. வெல்டிங் நிரப்பியதில் பல் தடித்துவிட்டது. பெல்ட்டுக்குள் இருக்கும் இரும்புக் கட்டைகளுக்கு நடுவே பல் இறங்க வேண்டும். தடித்த பல் அடிவரை இறங்காமல் விளிம்பில் உட்காருகிறது. கொஞ்சம் இழுத்தால் ஏறிவிடும். தேய்ந்த பல்லே பரவாயில்லை, அடிவரையாவது இறங்கியது. புது ஸ்ப்ராக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன், முதலிலேயே சொல்லியிருந்தால் இந்நேரம் வந்திருக்கும்.

கடைந்த பழசை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குப் போடலாமா என்று டிரைவர் தம்பி கேட்கிறான். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பக்கத்தில் நம்ம ஸ்ப்ராக்கெட். “செட்டிநாட்டு அரண்மனைச் சாமான்” என்றால் வெள்ளைக்காரன் வாங்கிவிடுவான்.

6 பிப்ரவரி 2023

புது ஸ்ப்ராக்கெட் வந்து மாட்டினோம். தாவுவது முன்பு இருந்த அளவுக்குக் குறைந்தது. நிற்கவில்லை. ஆக ஸ்ப்ராக்கெட் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன், மூலகாரணம் அது இல்லை.

இன்று ஒன்று கவனித்தேன், இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. அதே வரப்பில் ரிவர்ஸில் ஏறினால் ஒரு தரம்கூட அடிக்கவில்லை. ஐந்து முறை முன்னால், ஐந்து முறை பின்னால். முன்னால் ஐந்திலும் அடி, பின்னால் சுத்தம்.

சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது மேல்பக்கம் விறைக்கும், கீழ்ப்பக்கம் தொய்யும். நம் வண்டியிலும் இழுக்கிற ஸ்ப்ராக்கெட் முன்னால் இருக்கிறது. (பனி வண்டியிலும் அப்படித்தான், பொக்லைனில் பின்னால்.) முன்னால் ஓட்டும்போது அது மேல் பெல்ட்டை இழுக்கிறது, அந்த இழுப்பு பின்னால் ஐட்லரைச் சுற்றிக் கீழே வருகிறது. அதாவது மொத்த பாரமும் ஐட்லர் மேல். ஐட்லர் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டால், மிஞ்சின தொய்வு எல்லாம் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே வந்து சேரும். அங்கேதான் பல் தாவுகிறது. ரிவர்ஸில் விறைப்பது ஸ்ப்ராக்கெட்டுக்கும் முதல் ரோலருக்கும் நடுவில் இருக்கிற சாண் நீளம்தான். ஐட்லருக்கு வேலையே இல்லை.

மருமகன் சொன்னது இதைத்தான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

8 பிப்ரவரி 2023

பிடிபட்டது.

டிரைவர் தம்பியின் போனை ஒரு பழைய டியூபில் சுற்றி, ஐட்லரைப் பார்க்கிற மாதிரி சேசிஸில் கட்டி, ஸ்லோ மோஷன் போட்டு வரப்பு ஏறினோம். (கீழே படுக்கவில்லை. யாரும் படுக்க வேண்டாம்.) வீடியோவில் ஐட்லர் 12 மில்லிமீட்டர் முன்னால் குதிக்கிறது, ‘டக்’, மறுபடி பழைய இடம். வண்டி நின்றதும் ஸ்கேல் வைத்தால் அதே 14. அப்பாவி மாதிரி நிற்கிறது.

டென்ஷன் போல்ட்டும் லாக் நட்டும் அசையவில்லை, பெயின்ட் கோடு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் பைப்? மூன்று வருடச் சேற்றைச் சுரண்டிக் கழுவினோம். நீட்டின துண்டின் முன் ஒட்டில், அடிப்பக்கம், மயிரிழை மாதிரி ஒரு துருக்கோடு. எண்ணெய் விட்டுத் துடைத்து, தம்பி மெதுவாக முன்னால் எடுக்க, அந்தக் கோட்டில் எண்ணெய் கொப்புளிக்கிறது. உயிருள்ள விரிசல். பைப் முழங்கை மடங்குவதுபோல மடங்கி, விட்டதும் நிமிர்கிறது. ஒட்டினவர் உள்ளே ஸ்லீவ் (ஒட்டுக்குப் பலமாக உள்ளே நுழைக்கிற சிறு பைப்) வைக்கவே இல்லை. இரண்டு பைப் வாயை நேருக்கு நேர் வைத்துச் சுற்றி ஒரு வெல்டிங், அவ்வளவுதான். சேறு அப்பியிருந்ததால் மூன்று வருடமாக நான் பார்க்கவில்லை. வண்டி வாங்கும்போது எஞ்சின் புகையைப் பார்த்தேன், கத்தியைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

வெட்டி எடுத்து, உள்ளே இறுக்கமாக இறங்குகிற மாதிரி ஒன்றரை அடி ஸ்லீவ் விட்டு, விளிம்பைச் சரித்துத் தேய்த்து ஒட்டி, இரண்டு பக்கமும் பட்டைத் தகடு வைத்தாயிற்று. இப்போது வீடியோவில் ஐட்லர் அசைவதே தெரியவில்லை. டென்ஷன் 14. சத்தம் இல்லை.

9 பிப்ரவரி 2023

12 மில்லிமீட்டர் தொய்வுக்கே இப்படியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐட்லர் நகர்ந்தது 12. பெல்ட் அதைச் சுற்றி மேலும் கீழும் வருவதால் தொய்வு 24. ஏற்கெனவே இருக்கிற தொங்கலோடு இதுவும் சேர்ந்து ஒரே இடத்தில் குவிகிறது. நீட்டல் கணக்கில் பாதியாக்கினேனே, அதன் மறுபக்கம்.

11 பிப்ரவரி 2023

கல்லல் தம்பிக்கு நேற்று போன் போட்டு, “ஐட்லர் பைப்பில் விரிசல் இருக்கும், கழுவிப் பாருங்கள், அடித்துச் சொல்கிறேன்” என்றேன். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

15 பிப்ரவரி 2023

குறித்துவைத்தவர்கள் கிழித்துவிடுங்கள். தம்பியின் வண்டியில் இருந்தது சேலை.

காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவார்கள் இல்லையா, அதில் ஒன்று அறுப்பின்போது இடது ஸ்ப்ராக்கெட்டுக்குள் போயிருக்கிறது. மேலே வைக்கோல், அதற்கு மேலே சேறு, வெயிலில் காய்ந்து செங்கல் மாதிரி. பல்லின் அடியில் அது உட்கார்ந்துகொண்டு பெல்ட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கத்தியால் அறுத்து எடுத்தார், பச்சை நைலக்ஸ், ஐந்து முழம் தேறியது. தாவுவது நின்றது. ஸ்ப்ராக்கெட்டின் சேறு சுரண்டும் தகடு முன்பே உடைந்து விழுந்திருக்கிறது, அதை மாட்டியிருந்தால் சேலை இவ்வளவு தூரம் போயிருக்காது.

முன்பக்கம் போகும்போது மட்டும் அடித்ததா, ரிவர்ஸிலும் அடித்ததா என்று இப்போது கேட்டேன். “ரெண்டுலயும் அடிச்சுச்சுண்ணே.” அந்த ஒரு கேள்வியை நான் ஜனவரி 19 இரவே கேட்டிருக்க வேண்டும். சாக்பீஸைச் சொன்னேன், ரிவர்ஸைச் சொல்லவில்லை.

12 மார்ச் 2023

அறுப்பு முடிந்தது. வண்டி கொட்டகையில். சும்மா இருக்கிற நேரத்தில் இந்த நீட்டலால் எனக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டேன். வண்டி ஏறக்குறைய 3 டன். பெல்ட் தரையைத் தொடுகிற நீளம் முன்பு 1.6 மீட்டர் இருந்திருக்கும். இரண்டு பெல்ட்டும் சேர்த்துச் சதுர சென்டிமீட்டருக்கு 0.21 கிலோ பாரம். நீட்டின பிறகு 0.20. அவ்வளவுதான்! நடக்கிற ஆள் ஒற்றைக் காலை ஊன்றினால் இதைவிட அதிகமாக அமுக்குவான். இந்த ஐந்தாறு சதவீதத்துக்காக ஒரு சீல், இரண்டு ஸ்ப்ராக்கெட், பத்து நாள் வேலை.

களியில் வித்தியாசம் தெரிகிறது என்று டிரைவர் தம்பி சாதிக்கிறான். எனக்குத் தெரியவில்லை. பனியில் நீட்டினால் கதை வேறு, மருமகன் டிராக்கின் நீளத்தை எட்டில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறான், வண்டி எடையும் நம்முடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவன் நீட்டியதில் அர்த்தம் இருக்கிறது. பெல்ட் தேய்ந்ததும் நான் 51-க்கே திரும்பிவிடுவேன்.

13 மார்ச் 2023

ஒரு ஸ்ப்ராக்கெட்தான். இன்னொன்று வெல்டிங் கூலி. கோபத்தில் கூட்டிவிட்டேன்.

27 ஜனவரி 2024

51 லிங்க் பெல்ட் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நீட்டின துண்டை வெட்டி எடுத்தோம். வலது பக்கம் ஒரு நாளும் தாவவில்லை என்பதால் அதை நான் தொட்டதே இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே அருமையான ஸ்லீவ், ஒரு அடிக்கு மேல், கச்சிதமாக இறங்கியிருக்கிறது. அதே ஆள், அதே வண்டி, அநேகமாக அதே நாள். வலது பக்கம் வைத்தவர் இடது பக்கம் ஏன் வைக்கவில்லை?

“பைப் தீந்திருக்கும்ணே, அன்னைக்கு ஞாயித்துக்கிழமையா இருந்திருக்கும், கடை இருந்திருக்காது” என்கிறான் டிரைவர் தம்பி.